நொறுங்கிக் காப்பாற்றும் கார்பன் ஃபைபர்: மோதல் ஆற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ரேஸ் கார் குழுக்களுக்குக் காம்போசிட் வேலையில் உதவத் தொடங்கியதிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் என்னிடம் வருகின்றன. மாணவர்கள் கேட்பார்கள், அவர்களுடைய அப்பாக்கள் கேட்பார்கள், சில சமயம் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. காம்போசிட் என்று நான் சொல்வது கார்பன், கண்ணாடி, கெவ்லார் போன்ற இழைகளை எபாக்ஸி மாதிரியான பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் படியவைத்து, இறுகவைத்த பொருளை.

வண்டி நொறுங்குவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? கெட்டியாக இருந்தால்தானே நல்லது?

"அந்தக் காலத்து அம்பாசடர் எவ்வளவு கெட்டி!" என்று சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 96 கிலோஜூல். அதே காரை மூன்று மாடி உயரத்திலிருந்து, ஏறக்குறைய 10 மீட்டர், கீழே போட்டாலும் தரையைத் தொடும்போது இதே ஆற்றல்தான் இருக்கும். மோதும்போது இந்த ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி வண்டி நின்றால், உள்ளே இருப்பவர்மேல் விழும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல 16 மடங்கு, அதாவது 16 ஜி. பெல்ட் போட்ட ஆரோக்கியமான உடம்பு சில நொடிப்பின்னங்களுக்கு இதைத் தாங்கிவிடும். வண்டி கெட்டியாக இருந்து 10 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் அதே கணக்கில் 98 ஜி வருகிறது. வண்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பவருடைய மூளையும் ஈரலும் பெருந்தமனியும் அதைத் தாங்காது.

வேகம் கூடினால் ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டத்தின் முன்மோதல் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. 50-க்கும் 64-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஆற்றல் 64 சதவீதம் கூடிவிடுகிறது.

இரும்பு மடங்கும், சரி. கார்பன் ஃபைபர் உடைந்துவிடுமே! உடைகிற பொருள் எப்படி ஆற்றலை வாங்கும்?

இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்புக் குழாயை நிமிர்த்தி வைத்து மேலிருந்து நசுக்கினால் அது துருத்திபோல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். உலோகம் வளைந்து, நிரந்தரமாக உருமாறி, அந்த உருமாற்றத்தில் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. கார்பன் ஃபைபருக்கு அப்படி வளையும் குணம் கிடையாது. இழை நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு நீளும், அதற்குமேல் போனால் முறியும். ஆகவே ஒரே ஒரு முறிவில் ஆற்றலை வாங்கச் சொன்னால் அது தோற்றுப்போகும்.

ஆனால் ஒரு முறிவுக்குப் பதிலாகப் பல லட்சம் சின்ன முறிவுகளை உண்டாக்க முடிந்தால்? கரும்பை முழங்காலில் வைத்து முறித்தால் ஒரே அழுத்தில் முறிந்துவிடும். அதே கரும்பை நுனியிலிருந்து கடித்து முழுக்கச் சக்கையாக்கச் சொன்னால் தாடை வலித்துவிடும். கரும்பு ஒன்றுதான், உடைந்த விதம்தான் வேறு. காம்போசிட் குழாயும் அப்படித்தான். நடுவில் முறிந்தால் ஏறக்குறைய எதையும் வாங்காது. ஒரு முனையில் தொடங்கி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக, வரிசையாகச் சக்கையானால் உலோகத்தையே மிஞ்சிவிடும்.

சக்கையாகும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு விதம் தெரியும். இங்கிலாந்தின் டெரெக் ஹல் 1991-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இன்றும் அதற்குத் திரும்பிப் போகிறார்கள்.

முதல் விதம், விரிதல். கொட்டாப்புளியால் அடித்து அடித்து மூங்கில் முளையை மண்ணில் இறக்கும்போது அதன் தலை துடைப்பம்போலப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலக் குழாயின் சுவர் நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. பாதி அடுக்குகள் உள்ளே சுருள்கின்றன, பாதி வெளியே இதழ்போல விரிகின்றன. பிளவின் வாயில் நொறுங்கிய தூள் ஆப்புபோலச் சிக்கிக்கொண்டு பிளவைத் தொடர்ந்து கீழே தள்ளுகிறது. இரண்டாவது விதம், துண்டாதல். சுவரின் நுனி சாய்வாகச் சறுக்கி உடைந்து சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கொட்டுகிறது. நிஜத்தில் பெரும்பாலான குழாய்களில் இரண்டும் கலந்தே வரும்.

ஆற்றலில் பெரும் பங்கு எதில் போகிறது என்று கேட்டால் பலர் "இழை முறிவதில்" என்பார்கள். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. உராய்வுதான் பெரிய கை. இதழ்கள் தகட்டின்மேல் தேய்ந்து வழுக்கும்போதும், பிரிந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும்போதும் மொத்த ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ வெப்பமாகப் போய்விடுகிறது. நசுக்கி முடித்த குழாயை உடனே தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். கையுறையோடு தொடுங்கள்.

எண்ணில் சொன்னால் எவ்வளவு வித்தியாசம்?

ஒரு கிலோ பொருள் நொறுங்கும்போது எத்தனை கிலோஜூல் வாங்குகிறது என்பதுதான் இங்கே அளவுகோல். எஸ்இஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாதாரண இரும்புக் குழாய்க்கு 12 முதல் 20, அலுமினியத்துக்கு 20 முதல் 35, நன்றாக வடிவமைத்த கார்பன்-எபாக்ஸி குழாய்க்கு 50 முதல் 100 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எபாக்ஸிக்குப் பதிலாகப் பீக் என்ற, சூட்டில் இளகும் கெட்டிப் பிசினைப் போட்ட கார்பன் குழாய் ஒன்று 180 வரை எட்டியதாக ஜப்பானின் ஹமாடாவும் அவருடைய சகாக்களும் 1992-ல் எழுதினார்கள்.

60 என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ கார்பன் குழாய் முழுக்க நொறுங்கினால், ஒரு டன் எடையை 6 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றலை விழுங்கிவிடும்.

ஆனால் இந்த எண்களைப் பொருளின் குணம் என்று நினைத்து அட்டவணையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். எஃகின் அடர்த்தியைப் போல நிலையான எண் கிடையாது இது. அதே இழை, அதே பிசின், அதே அடுக்கு வரிசை இருந்தாலும் வடிவம் மாறினால் எண் பாதியாகும், சில சமயம் மூன்றில் ஒன்றாகும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை, வேறொருவருடைய குழாய்க்கு வந்த எண்ணைத் தன் பெட்டிக்குப் பொருத்திப் பார்த்ததால் வந்தவை.

ட்ரிகர் என்கிறார்களே, அது என்ன?

நொறுக்கம் எங்கே தொடங்க வேண்டும் என்று குழாய்க்குச் சொல்லிவைக்கும் சின்ன பலவீனம்தான் ட்ரிகர்.

பல வருடம் முன்பு நாங்கள் செய்த முதல் கார்பன் குழாயின் இரண்டு முனைகளையும் அழகாக, கண்ணாடிபோலச் சமமாகத் தேய்த்துவிட்டு, மெதுவாக அழுத்திச் சுமையை அளக்கும் யூடிஎம் இயந்திரத்தில் நிறுத்தினோம். சுமை ஏறிக்கொண்டே போனது, ஏறிக்கொண்டே போனது. எல்லார் முகத்திலும் சந்தோஷம். திடீரென்று வெடிபோல ஒரு சத்தம். குழாய் மேலிருந்து கீழ்வரை நெடுக்காகப் பிளந்து கிடந்தது. அதன்பின் சுமை ஏறக்குறைய பூஜ்யம். வரைபடத்தில் ஒரு கூர்மையான சிகரம், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. உள்ளே ஓட்டுநர் இருந்திருந்தால் முதலில் பயங்கரமான அடி, பிறகு எந்தத் தடுப்பும் இல்லாமல் மீதி வேகத்தோடு அடுத்த பொருளில் மோதல்.

அடுத்த குழாயின் மேல் விளிம்பை 45 டிகிரி சாய்வாகச் சீவினோம். வேறு எதையும் மாற்றவில்லை. மெல்லிய நுனி முதலில் நொறுங்கியது, அந்த நொறுக்கம் கீழே இறங்கிக்கொண்டே போனது. வரைபடத்தில் சிகரம் தாழ்ந்து, அதற்குப்பின் மேடைபோல ஒரு சமமான கோடு நீண்டது. அந்தச் சமமான மேடைதான் எல்லாரும் தேடுவது. ஒரே ஒரு அரத்தால் வந்த மாற்றம் அது. அன்றிலிருந்து ட்ரிகர் இல்லாத குழாயை நான் சோதனைக்கு அனுமதிப்பதில்லை.

சாய்வாகச் சீவுவதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. நுனியில் அடுக்குகளைப் படிப்படியாகக் குறைக்கலாம், நுனியைத் துலிப் பூவின் இதழ்போலக் கூர்கூராக வெட்டலாம், குழாயின் வாயில் வளைந்த உலோக அடைப்பானை வைத்து இழைகளை வெளியே திருப்பிவிடலாம்.

எந்த இழை நல்லது? கார்பனா, கண்ணாடியா, கெவ்லாரா?

எடை முக்கியம் என்றால் கார்பன். பணம் முக்கியம் என்றால் கண்ணாடி இழை. அது நன்றாகவே நொறுங்கும், எடை மட்டும் கூடும்.

கெவ்லார் வேறு சாதி. குண்டு துளைக்காத உடையில் இருப்பதால் இதற்கும் அதுதான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கெவ்லார் இழுவையில் வல்லது, அழுத்தத்தில் பலவீனமானது. அதனால் கெவ்லார் குழாய் நொறுங்காமல் உலோகம்போல மடியும். கிலோவுக்கு வாங்கும் ஆற்றலும் கார்பனைவிடக் குறைவு. ஆனால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: மோதல் முடிந்த பிறகும் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒன்றாகவே கிடக்கும். ஆகவே கார்பனோடு ஓரிரு கெவ்லார் அடுக்கைக் கலப்பதுண்டு. கார்பன் ஆற்றலை வாங்கும், கெவ்லார் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

இழையின் பெயரைவிட அது ஓடும் திசை முக்கியம் என்பது என் கருத்து. எல்லா இழையும் குழாயின் நீளவாக்கில் ஓடினால் பக்கவாட்டில் பிடிக்க ஆளில்லாமல் விறகுபோலப் பிளந்துவிடும். சில அடுக்குகள் பீப்பாய்க்குப் பட்டை போட்டதுபோலச் சுற்றுவாக்கில் ஓட வேண்டும். எல்லாமே சாய்வாக ஓடினால் மென்மையாகிவிடும்.

வடிவம் எவ்வளவு முக்கியம்?

மிக மிக. ஒப்பிடத்தக்க அளவில் வட்டக் குழாய் வாங்கும் ஆற்றலை 100 என்று வைத்தால், சதுரம் சுமார் 80, செவ்வகம் சுமார் 50 என்று பழைய சோதனைகள் காட்டின. காரணம் எளிது. வளைந்த சுவர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டையான சுவருக்கு அந்தத் தாங்கல் இல்லை, சுலபமாக விரிந்து சாய்ந்துவிடும். சதுரக் குழாயில் உண்மையான வேலையைச் செய்வது நான்கு மூலைகள்தான். ஹெலிகாப்டரின் அடித்தளத் தூண்களை நெளிநெளியாக, அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுபோலச் செய்வது இதனால்தான். தட்டையான இடமே இல்லாமல் எங்கும் வளைவாகிவிடுகிறது.

சக்கை எங்கே போகும் என்பதையும் யோசித்து வையுங்கள். நொறுங்கிய தூள் குழாயின் உள்ளேயே அடைத்துக்கொண்டால் பாதி நீளத்திலேயே கெட்டியாகி, சுமை மறுபடி எகிறிவிடும்.

இதை முதலில் நிரூபித்துக் காட்டியது யார்?

ஆய்வகத்தில் என்றால், ஃபோர்டு நிறுவனத்தின் பி.எச். தார்ன்டன் 1979-லேயே காம்போசிட் குழாய்களின் நொறுக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். உலகத்தின் கண்முன்னால் என்றால், ஃபார்முலா ஒன் பந்தயம்.

1981-ல் மெக்லாரன் குழு எம்பி4/1 என்ற காரைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் உட்காரும் கூடு முழுவதும் கார்பன் ஃபைபரில் செய்த முதல் ஃபார்முலா ஒன் கார் அதுதான். வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். அவ்வளவு பெரிய கார்பன் பாகத்தைச் செய்ய இங்கிலாந்தில் சரியான ஆள் கிடைக்காமல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹெர்குலிஸ் என்ற விண்வெளித் துறை நிறுவனத்திடம் போனார்கள். பந்தய உலகில் பலருக்கு நம்பிக்கை இல்லை. "மோதினால் தூளாகிவிடும்" என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் இத்தாலியின் மோன்சா தடத்தில், லெஸ்மோ வளைவில், ஜான் வாட்சன் ஓட்டிய எம்பி4/1 கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பிய்த்துக்கொண்டு தனியே போயின. பார்த்தவர்கள் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றே நினைத்திருப்பார்கள். வாட்சன் இறங்கி நடந்து வந்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்டவர்களின் குரல் அடங்கியது. சில வருடங்களில் எல்லாக் குழுக்களும் கார்பனுக்கு மாறின. 1985-ல் முன்மோதல் சோதனையும் கட்டாயமானது.

2007 ஜூனில் கனடாவின் மான்ட்ரியல் தடத்தில் ராபர்ட் குபிட்சாவின் கார் கான்கிரீட் சுவரில் மோதி உருண்டது. பதிவான உச்ச வேகக்குறைப்பு 75 ஜி. அவருக்கு லேசான மூளை அதிர்வும் கணுக்கால் சுளுக்கும். ஒரே ஒரு பந்தயம்தான் தவறவிட்டார். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமான் குரோஜானின் கார் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போய் இரண்டாகப் பிய்ந்து தீப்பிடித்தது. 67 ஜி. அரை நிமிடத்துக்குள் அவர் நெருப்பிலிருந்து தானே ஏறி வெளியே வந்தார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தலைக்கு மேல் இருந்த ஹேலோ என்ற டைட்டானியம் வளையத்துக்கும் கார்பன் கூட்டுக்கும் அந்த உயிரில் பங்கு உண்டு.

ஒரே கார்பன் ரேஸ் காரின் மூக்கில் நொறுங்குகிறது, ஓட்டுநர் கூட்டில் நொறுங்கவில்லை. எப்படி?

இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். மூக்குக் கூம்பு நுனியில் மெல்லியது, பின்னே போகப் போகத் தடித்துக்கொண்டே வரும். நொறுக்கம் நுனியில் தொடங்கி வரிசையாகப் பின்னே வருகிறது, தடுக்கும் விசையும் மெல்ல மெல்லக் கூடுகிறது. கூடு அப்படியில்லை. கார்பன் தோலுக்கு நடுவே அலுமினியத் தேன்கூட்டை வைத்து, எந்த நிலையிலும் உருமாறாதபடி கட்டியது. மூக்கு முழுவதும் சக்கையாகித் தீர்ந்த பிறகும் கூடு அசையக் கூடாது.

சாலையில் ஓடும் கார்களில் இது வந்துவிட்டதா?

வந்தது, ஆனால் எல்லாருக்குமாக வரவில்லை. 2000-களின் மெர்சிடிஸ் எஸ்எல்ஆர் மெக்லாரன் காரின் முன்னால் இரண்டு கார்பன் கூம்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் 62 செ.மீ. நீளம், 3.4 கிலோ எடை. முன்மோதல் ஆற்றலை வாங்கும் பொறுப்பு அந்த இரண்டுக்கும்தான். இந்தத் துறையின் அழகான பாகங்களில் ஒன்று என்று அதைச் சொல்வேன்.

2013-ல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 வேறு வழியில் போனது. மனிதர் உட்காரும் பகுதி கார்பன், அதன் அடியில் பேட்டரியும் மோட்டாரும் இருக்கும் சட்டம் அலுமினியம். முன்னும் பின்னும் நசுங்கும் வேலையை அலுமினியத்திடம் கொடுத்துவிட்டு, கார்பனை உருமாறாத கூடாக மட்டும் வைத்தார்கள். இதைப் பின்வாங்கல் என்று சிலர் சொன்னார்கள். நான் நல்ல முடிவு என்பேன். நகரத்தில் தினமும் நடக்கும் சின்ன இடிக்கு அலுமினியத்தைக் கழற்றி மாற்றிவிடலாம்.

விலைதான் பெரிய தடை. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திப் பாகம் எடுக்கச் சில நொடி போதும். கார்பன் பாகத்துக்குப் பிசின் இறுகவே நிமிடங்கள் ஆகும், பழைய முறையில் மணிக்கணக்கு. தரச் சோதனை இன்னொரு தடை. உள்ளே ஒரு காற்றுக்குமிழி, ஒரு அடுக்கில் சுருக்கம் இருந்தாலும் நொறுக்கம் வழிமாறிப் போகலாம்.

விமானம், ஹெலிகாப்டரில்?

ஹெலிகாப்டர்தான் இந்தத் துறையின் தாய்வீடு. கார் முன்னால் மோதும், ஹெலிகாப்டர் கீழே விழும். ஆகவே ஆற்றலை மூன்று படியில் பிரித்துக்கொள்கிறார்கள்: முதலில் சக்கரக்கால், பிறகு தரைக்கு அடியில் உள்ள நொறுங்கும் தூண்கள், கடைசியில் கீழே இறங்கிக் கொடுக்கும் இருக்கை. அமெரிக்க ராணுவத்தின் விதி, செங்குத்தாக நொடிக்கு 12.8 மீட்டர் வேகத்தில் விழுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று கேட்டது. 1980-களில் காம்போசிட் உடல்கொண்ட சோதனை ஹெலிகாப்டர்களை பெல், சிகோர்ஸ்கி நிறுவனங்களைக் கொண்டு செய்தார்கள். நாசாவின் லாங்லி மையத்தில் 73 மீட்டர் உயரச் சட்டம் ஒன்று உண்டு. அப்பல்லோ வீரர்கள் நிலவில் இறங்கப் பழகிய இடம் அது. பிறகு அதிலிருந்து விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஊசலாட்டி மோதவிட்டார்கள். நொறுக்க விதங்களை வகைப்படுத்திய கேரி ஃபார்லியின் ஆய்வுகளும் லாங்லியில் நடந்தவைதான்.

பெரிய விமானத்துக்கு வந்தால், போயிங் 787-ன் எடையில் சுமார் பாதி காம்போசிட். அலுமினிய உடல் நசுங்கும் விதத்தைப் பல பத்தாண்டு அனுபவம் சொல்லியிருந்தது, கார்பன் உடலுக்கு அந்த அனுபவம் இல்லை. எனவே அமெரிக்க அரசின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ தனி நிபந்தனை போட்டது: அலுமினிய விமானத்துக்குக் குறையாத பாதுகாப்பை நிரூபி. போயிங் 2007 ஆகஸ்டில் அரிசோனாவின் மேசா நகரில் உடற்பகுதி ஒன்றைத் தூக்கிக் கீழே போட்டுச் சோதித்தது.

கணினியில் சிமுலேஷன் செய்தால் போதாதா?

போதாது. எல்எஸ்-டைனா போன்ற மென்பொருள்கள் அருமையானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நொறுங்கும் முனையில் நடக்கும் பிளவு, தூள், உராய்வு எல்லாவற்றையும் இழை அளவில் கணக்கிட்டால் முழுக் காருக்குக் காலமும் பணமும் போதாது. எனவே அந்த முனையை ஒரு சில எண்களால் சுருக்கிவிடுகிறார்கள். உதாரணமாக, பலரும் பயன்படுத்தும் மேட் 54 என்ற பொருள் மாதிரியில், நொறுங்கும் வரிசைக்கு அடுத்த வரிசையின் வலிமையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். கூப்பன் என்று சொல்லும் சின்ன மாதிரித் துண்டு எதைச் சோதித்தாலும் அந்த எண்ணை அளக்க முடியாது. நசுக்கிப் பார்த்து, வரைபடம் ஒத்துவரும் வரை திருத்திக்கொள்ள வேண்டியதுதான். வட்டக் குழாய்க்குத் திருத்திய எண் சதுரக் குழாய்க்கு ஒத்துவரும் என்று உறுதி கிடையாது.

அதனால்தான் விமானத் துறை படிப்படியாகப் போகிறது. முதலில் சின்னக் கூப்பன், அப்புறம் ஒரு வளைவோ மூலையோ, அப்புறம் ஒரு தூண், கடைசியில் முழு அமைப்பு. ஒவ்வொரு படியிலும் சோதனையும் கணினியும் ஒன்றையொன்று சரிபார்க்கும். படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் கடைசிப் படியில் விழுகிறார்கள்.

மெதுவாக நசுக்கிச் சோதித்தால் போதுமா? வேகமாக மோதவிட வேண்டுமா?

மெதுவான சோதனையில் நொறுக்க விதத்தைக் கண்ணால் பார்த்துக் கற்கலாம். வடிவமைப்பின் தொடக்கத்தில் அதுவே சிறந்தது. ஆனால் முடிவை அதன்மேல் கட்டாதீர்கள். கார்பன் இழை வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, பிசினும் உராய்வும் பொருட்படுத்தும். வேக மோதலில் வாங்கும் ஆற்றல் பல குழாய்களில் குறைகிறது, சிலவற்றில் கூடுகிறது. எந்தப் பக்கம் போகும் என்று மேலிருந்து ஒரு எடையைக் குழாய்மேல் விழவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நேராக மோதாமல் சாய்வாக மோதினால்?

ஆபத்து கூடும். சாய்வு சில டிகிரியைத் தாண்டினால் நீளமான குழாய் நொறுங்காமல் அடியில் முறிந்துவிடலாம். அடி அகன்ற கூம்பு இதைக் கொஞ்சம் சமாளிக்கும். ரேஸ் கார் மூக்கு கூம்பாக இருப்பதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை.

நாங்கள் கல்லூரி ரேஸ் கார் செய்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்குத் தயாராகும் குழுக்கள் கேட்கும் கேள்வி இது. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகளில் பல வருடமாக இருக்கும் நிபந்தனை இது: 300 கிலோ எடை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதினால் சராசரி 20 ஜி, உச்சம் 40 ஜி ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன் அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். ஆற்றல், பாதி எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம்: 7,350 ஜூல். சராசரி 20 ஜி என்றால் விசை சுமார் 59 கிலோநியூட்டன், நசுங்கும் தூரம் குறைந்தது 12.5 செ.மீ. கிலோவுக்கு 60 கிலோஜூல் வாங்கும் குழாய் கிடைத்தால் நொறுங்க வேண்டிய பொருள் வெறும் 122 கிராம். அலுமினியம் கிலோவுக்கு 25 வாங்கினால் 294 கிராம். இந்த 172 கிராம் மிச்சத்துக்காக எத்தனை இரவு தூக்கம் போகும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடக் குழு என்றால் விதியில் அனுமதித்த தயார்நிலை நுரைத் தொகுதியையோ அலுமினியத் தேன்கூட்டையோ போட்டுவிடுங்கள். கார்பன் குழாய்களைப் பக்கத்தில் செய்து, நசுக்கி, கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் காரில் ஏற்றலாம்.

ஒரே அச்சில், ஒரே நாளில், ஒரே பிசின் கலவையில் குறைந்தது மூன்று குழாய் செய்யுங்கள். மூன்றும் ஒரே மாதிரி நொறுங்கினால்தான் உங்கள் கையில் ஒரு எண் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று நன்றாக வந்து இரண்டு பிளந்தால், அந்த ஒன்றின் வரைபடத்தை அறிக்கையில் போடாதீர்கள்.

தேங்காய் நார், சணல் போட்டுச் செய்யலாமா?

சணலும் ஆளி நாரும் நன்றாகவே நொறுங்கும். ஐரோப்பாவில் ஆளி நாரில் ரேஸ் கார் பாகங்களே செய்கிறார்கள். தேங்காய் நாரில் நுண்ணிழைகள் நாரின் நீளத்துக்கு மிகவும் சாய்வாகச் சுற்றியிருப்பதால் அது இழுத்தால் நீளும், ஆனால் விறைப்பு குறைவு. கயிற்றுக்கு நல்லது, இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஃபைபர் ஹெல்மெட்டிலும் இதே வேலைதானா?

ஒரு பகுதி. கண்ணாடி இழை ஓடு அடியைப் பரவலாக்கும், அடுக்கு பிரிந்து கொஞ்சம் ஆற்றலையும் வாங்கும். பெரும்பகுதியை வாங்குவது உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான், நசுங்கினால் அது பழைய உயரத்துக்குத் திரும்பாது. ஆகவே ஒரு பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

மோதிய கார்பன் பாகத்தைப் பழுது பார்க்கலாமா? கையாளும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நொறுங்கும் பாகம் ஒருமுறைக்குத்தான். ஒட்டித் திரும்பப் போடவே கூடாது. கூடு போன்ற மற்ற பாகங்களில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். இது முதல் பரிசோதனைக்கு மட்டும், முடிவு சொல்ல அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

நசுக்கிய குழாயை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கார்பன் சிலாம்பு தோலுக்குள் போனால் எடுப்பது கடினம். கையுறை, கண்ணாடி, நல்ல முகக்கவசம் மூன்றும் வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் காற்றில் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்தில் திறந்திருக்கும் கணினியையும் அளவைக் கருவிகளையும் சோதனை தொடங்கும் முன்பே மூடிவையுங்கள்.